முப்பத்தைந்து மார்க் பாக்கி

(நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்றைக்கு வர முடியாமல் போன சகோதரிகளுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



இன்றைய கூட்டப் பொருளில் வங்கிக் கடனும் கணக்குத் தணிக்கையும் இருக்கின்றன. அதற்கு முன்னால் வேறு ஒரு பாக்கியைப் பற்றி அரை மணி நேரம் பேச அனுமதி கேட்டிருக்கிறோம். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் போய்விட்ட நம் வீட்டுப் பிள்ளைகளின் பாக்கி அது.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அடுத்த வாரம், பள்ளிபாளையம் பக்கத்தில் ஒரு தறிக்காரர் குடியிருப்புக்குக் குழு நோட்டுகளைப் பார்க்கப் போயிருந்தோம். ஒரு வீட்டில் அம்மா தறி ஓட்டிக்கொண்டிருந்தார். பொண்ணு ஒரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன விஷயம் என்று கேட்டோம்.

"கணக்குல போயிருச்சுங்க மேடம். மத்த நாலுலயும் பாஸ். கணக்குல இருபத்தி மூணு. இனி என்னத்தப் படிச்சு என்ன ஆகப்போகுது? மில்லுக்கு ஆள் சேக்கறவரு நேத்தே வந்து கேட்டுட்டுப் போயிட்டாரு. மாமன் வீட்லயும் கேக்கறாங்க."

நாங்கள் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டோம். "அக்கா, உங்க குழுவுல ஒருத்தர் ரெண்டு தவணை கட்டலைன்னா என்ன பண்ணுவீங்க? வெளிய அனுப்பிடுவீங்களா?"

"அதெப்படிங்க அனுப்பறது? என்ன கஷ்டமோன்னு கேப்போம். பாக்கியப் பிரிச்சு, வாரத்துக்கு இவ்வளவுன்னு கட்டச் சொல்லுவோம்."

"உங்க பொண்ணுக்குப் பாக்கி எவ்வளவு?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "முப்பத்தஞ்சு வேணும். இருபத்தி மூணு வாங்கியிருக்கறா. பன்னெண்டு."

பன்னிரண்டு மார்க் பாக்கி. அதற்காகப் படிப்பையே நிறுத்தப் பார்க்கிறோம். நாம் இன்றைக்குப் பேச வேண்டிய விஷயம் இதுதான்.

நம் கையில் எத்தனை நாள்?

பத்தாம் வகுப்பில் தவறியவர்கள் அடுத்த மார்ச் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அரசுத் தேர்வுகள் இயக்ககம் ரிசல்ட்டுக்குப் பிறகு துணைத் தேர்வு நடத்துகிறது. போன பாடத்தை மட்டும் எழுதினால் போதும். பாஸ் செய்தால் அந்த வருடமே பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். ஒரு வருடம் வீணாகாது.

2025ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மே 16ஆம் தேதி ரிசல்ட் வந்தது. ஜூலை 4ஆம் தேதி துணைத் தேர்வு தொடங்கியது. இடையில் 49 நாள், சரியாக ஏழு வாரம். ஆனால் நம் வீடுகளில் முதல் வாரம் அழுகையில் போகும். இரண்டாம் வாரம் திட்டுவதில் போகும். மூன்றாம் வாரம் யாராவது சொல்லித்தான் துணைத் தேர்வு என்று ஒன்று இருப்பதே தெரியும். அதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்திருக்கும். அப்புறம் அதிகக் கட்டணம் கட்டி, தட்கல் முறையில் ஓட வேண்டும்.

அதனால் ரிசல்ட் வந்த மறுநாளே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அது படித்த பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். தலைமை ஆசிரியரைப் பாருங்கள். கடைசித் தேதி, கட்டணம் இரண்டையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நமக்கு நிஜமாகக் கிடைப்பது முப்பது நாள் என்றே வைத்துக்கொள்வோம். முப்பது நாள் போதும்.

நம் பிள்ளை மட்டும்தான் தவறிவிட்டது என்று நினைத்துக் கூனிக் குறுக வேண்டாம். 2025இல் தமிழ்நாட்டில் 100க்கு 93.80 பேர் பாஸ். கேட்க நல்லாத்தான் இருக்கு. மீதியைக் கணக்குப் போட்டால் ஐம்பதாயிரம் பிள்ளைகளுக்கு மேலே வருகிறது. அதில் பொண்ணுகளைவிடப் பையன்கள்தான் அதிகம். தவறிய பையனைத் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏற்றி வடநாட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். பொண்ணை மில்லுக்கு அனுப்புகிறோம், இல்லாவிட்டால் மாப்பிள்ளை பார்க்கிறோம். 18 வயது ஆகாத பிள்ளையை ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது என்று 2016இல் திருத்திய சட்டம் சொல்கிறது. 18 ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இது நமக்கெல்லாம் தெரியும். தெரிந்தும் ரிசல்ட் வந்த வாரத்தில் மட்டும் மறந்துவிடுகிறோம்.

நாங்கள் செய்த தப்பு

முதல் வருடம் சில ஊர்களில் நாங்களே மாலை வகுப்பு ஆரம்பித்தோம். புத்தகத்தில் எட்டுப் பாடம். முதல் பாடத்தில் தொடங்கி வரிசையாக நடத்தினோம். நாலாவது பாடத்துக்கு வந்தபோது தேர்வு வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு எல்லாமே பாதி தெரியும், எதுவும் முழுசாகத் தெரியாது. நல்ல மனசோடு செய்த வேலைதான். திட்டம் தப்பு.

அப்புறம் ஒரு கணக்கு ஆசிரியரிடம் போய்க் கேட்டோம். அவர் சொன்னது: "கேள்வித்தாளை முதல்ல பாருங்க. எங்க எவ்வளவு மார்க் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் புத்தகத்தைத் திறங்க." சந்தைக்குப் போகும்போது கையில் இருக்கும் காசைப் பார்த்துத்தானே சாமான் வாங்குகிறோம்? அது மாதிரிதான்.

நூறு மார்க் எங்கே இருக்கிறது?

2019இல் புதிய புத்தகம் வந்த பிறகு கேள்வித்தாள் இப்படி அமைந்திருக்கிறது. தேர்வு மூன்று மணி நேரம்.

முதல் பகுதி, சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதும் ஒரு மார்க் கேள்விகள். மொத்தம் 14.

இரண்டாம் பகுதி, இரண்டு மார்க். 14 கேள்வி கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள். 20 மார்க்.

மூன்றாம் பகுதி, ஐந்து மார்க். இதிலும் 14 கொடுத்து 10 எழுத வேண்டும். 50 மார்க்.

நாலாம் பகுதி, எட்டு மார்க் கேள்வி இரண்டு. ஒன்று செய்முறை வடிவியல், அதாவது காம்பஸ், ஸ்கேல் வைத்துப் படம் வரைவது. இன்னொன்று வரைபடம், பிள்ளைகள் 'கிராஃப்' என்று சொல்வது. இரண்டிலும் இதுவா அதுவா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 16 மார்க்.

தவறிய பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தோம். நிறையப் பேர் இந்த 16 மார்க் பகுதிக்கு வருவதற்குள்ளேயே நேரம் போய்விட்டது என்றார்கள். சிலர் காம்பஸே கொண்டுபோகவில்லை. ஆனால் கையால் பழகினால் சீக்கிரம் வசப்படுவது இதுதான். கோலம் போடுகிற கைக்கு வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது கஷ்டமில்லை.

இப்போது தவணை பிரிப்போம். 35 வேண்டுமென்றால் 40க்குத் திட்டம் போடணும். ஐந்து மார்க் கையிருப்பு.

படம் வரைவதும் வரைபடமும் சேர்த்து 16இல் 12. ஒரு மார்க்கில் 14க்கு 8. இரண்டு மார்க்கில் ஐந்து கேள்வி சரியாக எழுதினால் 10. ஐந்து மார்க்கில் இரண்டு கேள்வி எழுதினால் 10. கூட்டிப் பாருங்கள், 40 வருகிறது. எட்டுப் பாடமும் தலைகீழாகத் தெரிய வேண்டியதில்லை. தெரிந்ததைத் தப்பில்லாமல் எழுதினால் போதும்.

முப்பது நாள் தவணை

முதல் ஏழு நாள், நாலாம் பகுதி மட்டும். தினமும் ஒரு படம், ஒரு வரைபடம். உதவிப்படம் போடணும், அளவுத்திட்டம் எழுதணும், அட்டவணை போடணும். கடைசி விடை தப்பினாலும் இந்தப் படிகளுக்கு மார்க் உண்டு.

அடுத்த ஏழு நாள், உறவுகளும் சார்புகளும் பாடத்தில் வரும் கார்டீசியன் பெருக்கல், பிறகு எண்களும் தொடர்வரிசைகளும் பாடத்தில் வரும் கூட்டுத் தொடர்வரிசை.

மூன்றாவது ஏழு நாள், புள்ளியியலும் நிகழ்தகவும், அளவியலில் உருளையும் கூம்பும், வடிவியலில் தேல்ஸ் தேற்றம்.

கடைசி ஒன்பது நாள், பழைய கேள்வித்தாள்கள். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் எழுத வேண்டும்.

முப்பது நாளும் இரவில் கால் மணி நேரம், ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் இருக்கும் ஒரு மார்க் கேள்விகள். தப்பாக எழுதினால் மார்க் குறைக்க மாட்டார்கள். அதனால் ஒன்றைக்கூட வெறுமையாக விடக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.

முக்கியமான ஒன்று. கணக்கைப் 'படிக்க' முடியாது. கைடைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் புரிந்த மாதிரி இருக்கும், தேர்வறையில் கை ஓடாது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போட்டுப் பார்க்கணும். தினமும் எத்தனை கணக்கு எழுதினாய் என்பதுதான் கேள்வி. எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாய் என்பது அல்ல.

"நமக்குத் தெரியாதுங்களே?"

இதைத்தான் எல்லா ஊரிலும் கேட்கிறீர்கள். "நாங்களே கைநாட்டா இருந்து, குழுவுக்கு வந்து கையெழுத்துப் போடப் பழகுனவங்க. எங்களுக்கு எங்கீங்க பத்தாங்கிளாஸ் கணக்குத் தெரியும்?"

கொஞ்சம் பொறுங்கள். மாதச் சேமிப்பை முதல் மாதம் 50 ரூபாய், பிறகு மாதம் பத்துப் பத்தாகக் கூட்டிக் கட்டுவது என்று தீர்மானம் போடுகிறீர்கள். பன்னிரண்டாவது மாதம் எவ்வளவு கட்டணும்? 50உடன் பதினொரு பத்து, 160. வருடம் முழுக்க எவ்வளவு சேரும்? முதல் மாதத்தையும் கடைசி மாதத்தையும் கூட்டினால் 210. இரண்டாவதையும் பதினொன்றாவதையும் கூட்டினாலும் 210தான். இப்படி ஆறு ஜோடி. ஆறு 210, ஆக 1260 ரூபாய். இதுதான் கூட்டுத் தொடர்வரிசை. புத்தகத்தில் ஆங்கில எழுத்துப் போட்டுச் சூத்திரமாக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு காட்டில் கடலைக்குக் களை எடுக்க ஆறு பேர் போனால் நாலு நாள். எட்டுப் பேர் போனால் மூன்று நாள். பன்னிரண்டு பேர் போனால் இரண்டு நாள். எதைப் பெருக்கினாலும் 24. இது எதிர் மாறல். வரைபடத்தில் குறித்தால் வளைந்த கோடு வரும். கூலி ஒரு நாளைக்கு 300, இரண்டு நாளைக்கு 600, மூன்று நாளைக்கு 900. இது நேர் மாறல். நேர்க்கோடு வரும். எட்டு மார்க் வரைபடத்தில் இந்த மாதிரிக் கணக்கும் உண்டு.

நாமக்கல்லில் முட்டை விலை தினமும் அறிவிக்கிறார்கள். ஒரு வாரத்தில் அதிக விலை 5 ரூபாய் 40 காசு, குறைந்த விலை 4 ரூபாய் 90 காசு என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 50 காசு. புத்தகத்தில் இதற்குப் பெயர் வீச்சு. பதினாறு பேர் பெயர் எழுதிக் குலுக்கிப் போட்ட சீட்டில் உங்கள் பெயர் வர வாய்ப்பு பதினாறில் ஒன்று. இது நிகழ்தகவு. தண்ணீர் டிரம் உருளை. களத்தில் குவித்த நெல் கூம்பு.

நீங்கள் சூத்திரம் சொல்லித் தர வேண்டாம். "நாம தினமும் பண்றதுதான் கண்ணு இது" என்று பிள்ளைக்குக் காட்டினால் போதும். பாதிப் பயம் போய்விடும்.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு தனி நோட்டு கொடுங்கள். இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த நோட்டை வாங்கி, இன்றைக்கு எத்தனை கணக்குப் போட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கீழே தேதி போட்டு உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். குழு நோட்டில் போடுகிற அதே கையெழுத்து. அம்மா பார்க்கிறாள் என்று தெரிந்தால் பிள்ளை எழுதும்.

வீட்டில் செய்ய வேண்டியது

தண்ணீர் எடுப்பது, மாடு பிடித்துக் கட்டுவது, தம்பியைப் பார்த்துக்கொள்வது, தறியில் தார் சுற்றுவது எல்லாவற்றையும் முப்பது நாளைக்குப் பொண்ணு தலையிலிருந்து இறக்குங்கள். பையன் இருந்தால் அவனும் செய்யட்டும், அப்பாவும் செய்யட்டும். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளைக்கு முழுசாகக் கிடைக்கணும்.

தறிச் சத்தத்தில் படிக்க முடியாது. குழுக் கூட்டம் நடக்கும் கட்டிடம், ஊர்ப்புற நூலகம், பள்ளிக்கூட வராந்தா, எது கிடைக்குமோ அதைக் கேட்டு வாங்குங்கள். கூட யாராவது ஒரு உறுப்பினர் முறை வைத்து இருங்கள். கணக்குப் படித்த பொண்ணுகள் இப்போது நம் ஊர்களில் இருக்கிறார்கள். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள்.

பிள்ளையைத் திட்டாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். ரிசல்ட் வந்த நாட்களில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். சாப்பிடாமல், பேசாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதைச் சும்மா விடக் கூடாது. 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் ஆலோசனை சொல்வார்கள். மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணும் இருக்கிறது. யாராவது கல்யாணத்துக்கோ வேலைக்கோ கட்டாயப்படுத்தினால் 1098. மூன்று எண்களையும் தீர்மான நோட்டின் அட்டையில் எழுதி வையுங்கள். மார்க்கைவிடப் பிள்ளை பெரிசு.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உலகம் முழுக்கப் பேசப்படும் கணித மேதை ராமானுஜன், பள்ளிபாளையத்துக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈரோட்டில் 1887ஆம் ஆண்டு பிறந்தவர். கல்லூரியில் கணக்கையே கட்டிக்கொண்டு மற்ற பாடங்களை விட்டதால் உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னையில் படித்தபோதும் தேர்வில் தவறினார். அவரையும் ஒரு பரீட்சை 'ஃபெயில்' என்றுதான் சொன்னது. நம் பிள்ளைகள் எல்லாம் ராமானுஜன் ஆக வேண்டாம். ஃபெயில் என்கிற ஒரு வார்த்தையை வைத்து ஒரு பிள்ளையை எடை போடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறோம்.

தேர்வு நாள்

தேர்வு மையம் வேறு பள்ளியாக இருக்கலாம். முந்தின நாளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நுழைவுச்சீட்டு, இரண்டு பேனா, பென்சில், ரப்பர், ஸ்கேல், காம்பஸ், கோணமானி எல்லாம் இரவே எடுத்து வையுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். கேள்வித்தாளைப் படிக்கப் பத்து நிமிடம் தருவார்கள். அந்த நேரத்தில் தெரிந்த கேள்விகளை முடிவு செய்துகொள்ளட்டும். முதலில் ஒரு மார்க், அடுத்து படமும் வரைபடமும், பிறகு மற்றது. விடையின் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுதணும். மணி அடிக்கும் வரை எழுந்து வரக் கூடாது.

ஒரு தீர்மானம்

பள்ளிபாளையத்துப் பொண்ணு என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அந்த அம்மா ஒரு மாதம் மில்லுக்காரருக்கும் மாமன் வீட்டுக்கும் "ஜூலை கழியட்டும்" என்று ஒரே பதிலைச் சொன்னார். பொண்ணு 41 மார்க் வாங்கினாள். பதினொன்றாம் வகுப்பு சேர்ந்தாள். அவளோடு படித்த இன்னொரு பிள்ளை அந்தத் தடவையும் தவறிவிட்டது. அடுத்த தேர்வில்தான் பாஸ். அந்த அம்மாவும் நிறுத்தவில்லை. இரண்டு பேரையுமே நாங்கள் ஜெயித்தவர்கள் என்றுதான் சொல்வோம்.

நம் சேலம் மாவட்டத்துக்குப் பெண்கள் குழுத் திட்டம் 1991-92லேயே வந்துவிட்டது. அப்போது நாமக்கல்லும் சேலத்தோடுதான் இருந்தது. அன்றைக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட அம்மாக்களின் பேத்திகள்தான் இன்றைக்குப் பத்தாம் வகுப்பு எழுதுகிறார்கள். பத்து பாஸ் செய்தால்தான் பன்னிரண்டு. பன்னிரண்டு படித்தால்தான் கல்லூரி. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியதே, அதன் வாசலுக்குப் போகவும் முதல் படி இந்த முப்பத்தைந்து மார்க்தான்.

அதனால் ஒவ்வொரு குழுவும் இந்தத் தீர்மானத்தைப் போட வேண்டுகிறோம். ஒன்று, நம் குழுவில் எந்த வீட்டுப் பிள்ளை தவறினாலும் ரிசல்ட் வந்த வாரத்திலேயே குழுவுக்குச் சொல்லணும், மறைக்கக் கூடாது. இரண்டு, தேர்வுக் கட்டணம், காம்பஸ் பெட்டி, பஸ் செலவுக்கு உள்கடன் உடனே தரணும். மூன்று, துணைத் தேர்வு ரிசல்ட் வரும் வரைக்கும் அந்தப் பிள்ளையைப் பற்றி வேலைப் பேச்சோ கல்யாணப் பேச்சோ எடுக்கக் கூடாது.

தவணை தவறிய உறுப்பினரை நாம் கைவிட்டதில்லை. நம் பிள்ளைகளையும் கைவிட வேண்டாம்.